பெயர் சொல்லாத மலை

காரையாற்றுக்கு மேற்கே யானைமொட்டை உச்சிக்கு ஒரே நாளில் ஏறி இறங்க வழி தெரிந்தவர் பூதலிங்கம் ஒருவர்தான். எஸ்டேட்டில் தேயிலை மூட்டை சுமந்த கால்கள். வேலை போனபின் மலை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பிழைத்தார். தொண்ணூற்று நாலு ஆவணியில் அப்படிக் கூட்டிப்போன ஸ்ரீகுமார் மூடுபனியில் தவறிப்போனான். பதினோரு நாள் தேடியும் ஒரு செருப்புதான் கிடைத்தது. அதோடு மலைப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

மறு ஆவணியில் பாபநாசத்துக்கு அவரைத் தேடி வந்தார் ஸ்ரீகுமாரின் அப்பா ஹரிஹரசுப்பிரமணியன், கல்லிடைக்குறிச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கட்டம் போட்ட தாள். நாலரைக்குக் கிளம்புவது, ஏழுக்கு ஓடை, பதினொன்றுக்கு உச்சி, அங்கே அரை மணி, பிறகு இறக்கம்.

ஓடைக்கு ஏழு மணி பத்தாது என்றார் பூதலிங்கம். வாத்தியாரின் வயதைச் சொல்லாமல், பாறை வழுக்கும் என்றார். அட்டைக்கடிக்குப் புகையிலை, இரண்டு வேளைக்குப் புளிச்சோறு, கயிறு எல்லாம் வேண்டும் என்றார். உள்ளே அவர் மனைவி வடிவம்மாள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். போன வருஷம் அவரை விசாரணைக்கு வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாலு நாள் கிடந்தவள்.

"உச்சியில அரை மணி எதுக்கு சார்?"

"அவன் பேரை ஒரு தடவை கூப்பிட்டுட்டா, வந்து காரியத்தை முடிச்சுடலாம். நீர் பொழுதடையற வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதா போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீரே. அவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லைன்னா விழுந்த உடனேயே போயிருப்பான். தவிச்சிருக்க மாட்டான். அதை நினைச்சுதான் அவன் அம்மா சாப்பிடறா ஓய்."

பூதலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார். வாத்தியார் தாளை மடித்து எழுந்துகொண்டார்.

அப்படியே போக விட்டிருக்கலாம். ஆனால் சொல்லாமல் இன்னொருத்தரை மலையேற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"சார், ஒண்ணு. மேல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா மலை அந்த ஆளை வச்சுக்கிடும்பாங்க. உச்சியில நீங்க கூப்பிடுறது உங்க இஷ்டம். வழியில பிரிஞ்சுட்டா நான் 'கூ'ன்னு கூவுவேன். கருமந்தி கத்துத மாதிரிதான் இருக்கும். மந்தின்னு நெனைச்சுப் பேசாம இருந்திராதீங்க. எதிர்க்க கூவணும்."

வாத்தியார் நின்றார்.

"இதை அவன்கிட்ட சொன்னீரா?"

வடிவம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மறந்துட்டேன் சார். அன்னைக்கும் கூவத்தான் செஞ்சேன், பேர் சொல்லலை."

வாத்தியார் உட்கார்ந்து தாளைப் பிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து, உச்சிக்கு நேரே இருந்த அரை மணியை அடித்துவிட்டு, 'கூப்பிட இரண்டு மணி நேரம்' என்று எழுதினார்.