பினாங்கில் ஹீட்டரைச் சோதிப்பது எப்படி?

இன்று செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணிக்கு, புக்கிட் தெங்காவில் உள்ள பட்டறையில் என் பழைய காரின் ஹீட்டர் சோதனை நடைபெற்றது.

காரை மின்சாரத்துக்கு மாற்றிய பிறகு எஞ்சின் இல்லை. எஞ்சின் தந்த வெப்பமும் இல்லை. அடுத்த மாதம் 12ஆம் தேதி நாங்கள் கேமரன் மலைக்குச் செல்கிறோம். சென்ற முறை அங்கே குளிரில் நடுங்கிய என் மனைவி, "ஹீட்டர் வேலை செஞ்சாத்தான் உங்க கார்ல வருவேன். இல்லன்னா தங்கச்சியோட பஸ்ல போயிருவேன்" என்று அறிவித்திருந்தார்.

ஆகவே மின்சார ஹீட்டர் ஒன்றை நானே வடிவமைத்தேன். பட்டறைக்காரர் குமார் அதைப் பொருத்தினார்.

"எல்லாரும் ஏர்கோன் செய்ய வர்றாங்க அங்கிள். நீங்க ஒருத்தர்தான்லா ஹீட்டர் கேக்குறீங்க."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நானும் மனைவியும் உள்ளே அமர்ந்தோம். மனைவி முறைப்படி ஸ்வெட்டர் அணிந்திருந்தார். நான் விசையைத் திருப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் என் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி மடியில் விழுந்தது.

"போதும்ங்க! அருமையா வேலை செய்யுது. கார்லயே வரேன்" என்றார் மனைவி.

வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தபோது குமார் வெளியிலிருந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அங்கிள், ஹீட்டர் வயர இப்பத்தான் பேட்டரியில மாட்டினேன். ஆரம்பிக்கலாமா?"

மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தங்கைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

அடுத்த சோதனைக்காக, பினாங்கில் மீன் குளிரறை வைத்திருக்கும் நண்பர்கள் கதவின் அகலத்தை மட்டும் தெரிவிக்கவும். பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் என் கார் ஐந்தடி இரண்டங்குலம்.