தூங்காதவருக்குச் சாவி கிடையாது

பல்கேரியாவின் ரூசே நகரத்தில், தான்யூப் பாலத்துக்குப் போகிற சாலையில் இருந்த அந்தக் கம்பெனியில் லாரிகள் நாற்பத்து மூன்று. எந்த லாரி எந்த ஊருக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் ஒரே ஒருத்திதான். அவள் பெயர் நெவேனா கானேவா, வயது முப்பத்தொன்பது. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஏழுக்குத்தான் எழுந்திருப்பாள். மதியச் சாப்பாடு என்பது ஒரு கையில் பாலாடைக்கட்டி அப்பம், மறு கையில் போன்.

டிரைவர்களுக்கு அவளிடம் பயம் உண்டு. முதலாளியிடம் கூட அவ்வளவு கிடையாது. ஒரு நாள் ஓட்டி முடித்தால் அடுத்த நாள் வண்டியை எடுப்பதற்குள் பதினோரு மணி நேர ஓய்வு எடுத்திருக்க வேண்டும். சட்டம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுதான். மற்ற கம்பெனிகளில் பத்து நிமிடம் இருபது நிமிடம் குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். நெவேனா கண்டுகொள்வாள். "தூங்காதவருக்குச் சாவி கிடையாது" என்று கவுண்ட்டருக்கு மேலே தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். ஆகஸ்டில் ஒரு நாள், கம்பெனியிலேயே மூத்த டிரைவரான மெத்தோதிக்கு நாற்பது நிமிடம் குறைந்தது. அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"தங்கச்சி, முப்பத்தோரு வருஷமா ஓட்டறேன். நாப்பது நிமிஷத்துல நான் என்ன செத்தா போயிடுவேன்?"

"நீங்க சாக மாட்டீங்க அண்ணே. எதிர்ல வர்றவன் செத்துடுவான். போய் உக்காருங்க."

மெத்தோதி வெளியே பெஞ்சில் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்து, தோலை எல்லாம் அவள் ஜன்னலுக்கு நேராகத் துப்பிவிட்டுப் போனார்.

இந்த நெவேனா ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறாள் என்பது அவள் கணவன் தாமியனைத் தவிர யாருக்கும் தெரியாது. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, காபி போட்டு, சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவாள். நேரத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். ரூசேயில் விடியும்போது பிரேசிலில் நள்ளிரவு. அங்கே ஆடுகிறவர்கள் களைத்திருப்பார்கள், பாதிப் பேர் குடித்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் தப்பாக ஆடுகிறவர்களிடம் சம்பாதிப்பதுதான் அவளுடைய உபதொழில்.

தாமியன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எழுந்து வந்ததும் தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு யாரு அழுதா?"

"சால்வடோர்ல ஒரு பிரேசில்காரன்."

"பாவம். முட்டை பொரிக்கட்டுமா?"

எட்டு வருடம் முன்னால் பனியில் வழுக்கி விழுந்து கால் உடைந்து, இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தபோது கற்றுக்கொண்ட ஆட்டம். அவளுக்கு அது சட்டென்று கை வந்ததற்குக் காரணம் அவளுடைய வேலைதான். எல்லையில் எட்டு மணி நேரம் நிற்கிற லாரிக்காகப் பதறாமல் காத்திருக்கத் தெரிந்தவளுக்கு, நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பது பெரிய காரியமா? பத்துக்கு எட்டு முறை பந்தயம் கட்டாமல் சீட்டைக் கவிழ்த்துவிடுவாள். ஏழரை மணி ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் லேப்டாப் மூடிவிடும். பேருந்து ஏழு நாற்பதுக்கு.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த ஏழரை மணி தவறியது.

அன்று அவள் சேர்ந்திருந்த போட்டியில் அறுநூறு பேர். ஏழேகாலுக்கு அதில் ஒன்பது பேர்தான் பாக்கி, அந்த ஒன்பதில் அவளும் ஒருத்தி. எட்டு வருடத்தில் கடைசி மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. லேப்டாப்பை மூடினாள், ஆட்டத்தைப் போனில் திறந்தாள். பேருந்தில் நின்றுகொண்டே ஆடினாள். எட்டு மணிக்கு அலுவலகத்தில் மேசை டிராயரைப் பாதி திறந்து, போனை அதற்குள் வைத்து, முகத்தைக் கணினிக்கும் கண்ணை டிராயருக்கும் கொடுத்து உட்கார்ந்தாள்.

முதலில் வந்து நின்றவர் மெத்தோதி. அவர் வண்டியில் காலிக் கண்ணாடி ஜாடிகள், இருபது டன். ஒரு ஊறுகாய்த் தொழிற்சாலைக்குப் போக வேண்டியது. குடைமிளகாய் அறுவடை உச்சத்தில் இருக்கிற நேரம், தொழிற்சாலைகள் ராப்பகலாக ஓடுகிற வாரம். ஊர் தர்கோவிஷ்தே.

தர்கோவிஷ்தே என்று இரண்டு ஊர் உண்டு. ஒன்று பல்கேரியாவிலேயே, ரூசேக்குத் தென்கிழக்கே. இன்னொன்று ஆற்றைத் தாண்டி ருமேனியாவில், புக்கரெஸ்டுக்கும் அப்பால். சரக்கு அனுப்புகிற தொழிலில் இருப்பவர்கள் இதைத் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். ஆனால் நெவேனா அன்று முழுத் தூக்கத்திலும் இல்லை, முழு விழிப்பிலும் இல்லை. கணினி இரண்டு பெயரையும் காட்டியது. அந்த நொடியில் டிராயருக்குள் அவளுக்கு எளிதில் வராத ஜோடி, இரண்டு ராணிகள், வந்தன. மேலே இருந்த பெயரை அழுத்திவிட்டாள்.

மெத்தோதி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"தங்கச்சி, கம்பெனி பேரு ருமேனியாக்காரன் பேரு மாதிரி இருக்கே?"

"காகிதத்துல என்ன இருக்கோ அங்க போங்க அண்ணே."

"இல்ல, நான் என்ன நெனச்சேன்னா…"

"நெனைக்கிறதுக்கு நான் இருக்கேன். நீங்க ஓட்டுங்க."

மெத்தோதி அவளைப் பார்த்தார், டிராயரைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது.

"வந்து சேந்துட்டேன், தங்கச்சி. ஸ்டேஷன் ரோடு, பன்னெண்டாம் நம்பர். ஊறுகாய் பேக்டரி எதுவும் இல்ல. டயர் கடை ஒண்ணு இருக்கு. ஜாடி வேணுமான்னு கேட்டுப் பார்த்தேன், வேண்டாம்கறாரு."

நெவேனா கணினியில் முகவரியைத் திறந்தாள். "எந்த தர்கோவிஷ்தேல இருக்கீங்க?"

"நீ அனுப்பின தர்கோவிஷ்தேலதான்."

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு போன் அடித்தது. ருமேனியாவிலிருந்து தொழிற்சாலை மேலாளர், ஸ்மரந்தா என்கிற அம்மாள். வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசிப் பல்கேரிய மொழியில் நன்றாகத் திட்டக் கற்றிருந்தாள்.

"ஏம்மா, நாலு டன் மிளகா கொப்பரைல கொதிச்சிட்டிருக்கு! எதுல ஊத்தச் சொல்ற? என் செருப்புலயா?"

நெவேனா மறுபடி மெத்தோதியைப் பிடித்தாள். திரும்பி ரூசே வந்து, பாலம் தாண்டி, புக்கரெஸ்ட் தாண்டிப் போக வேண்டும். பாலத்தில் வரிசை எவ்வளவு நீளமோ. இடையில் சட்டப்படி முக்கால் மணி நேரம் நிறுத்தி ஓய்வு வேறு எடுத்தாக வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இத்தனை வருடத்தில் எந்த டிரைவரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்… அந்த முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?"

 மறுமுனையில் மெத்தோதி சிரிக்க ஆரம்பித்தார். புகைக்கிற ஆள், சிரிப்பு இருமலாகித்தான் நின்றது.

"முக்கா மணி நேரம் உக்காந்து சூப் குடிச்சிட்டுத்தான் கெளம்புவேன். எதிர்ல வர்றவன் செத்துடக் கூடாதில்ல?"

ஜாடிகள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அதற்குள் அந்த மிளகாயில் பாதியைக் கொட்டிவிட்டார்கள்.

களேபரத்தில் டிராயரை அவள் மறந்தே போயிருந்தாள். மதியம் எடுத்துப் பார்த்தால், நாலாம் இடம். அவள் தொடாமல் விட்ட பிறகு அவளுக்கு வந்த சீட்டுகளை எல்லாம் இணையதளமே கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார்கள். எட்டு வருட ஆட்டத்தில் அவளுடைய மிகப் பெரிய வெற்றி, அவள் ஆடாமல் கிடைத்தது. பரிசுப் பணத்தில் ஒரு நல்ல துணி துவைக்கும் இயந்திரம் வாங்கலாம். போனைத் திருப்பி டிராயரில் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை முதலாளி பொயாஜியேவ் கூப்பிட்டார். அறுபது வயது, லாரி ஓட்டி லாரி வாங்கி முதலாளியானவர். வேலையைவிட்டு அனுப்பப் போகிறார் என்று நெவேனா பையைக் கட்டிவைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"உக்காரும்மா. கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு?"

"சார், நேத்து நடந்தது…"

"நேத்து நடந்தது என் தப்பு. நாப்பத்து மூணு லாரிக்கு ஒரு ஆள வெச்சு மாட்டுக்கு மேல வேலை வாங்கியிருக்கேன். கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு. லேபர் ஆபீஸ்காரன் பாத்தான்னா என்னைத்தான் கட்டி வெச்சு அடிப்பான். பத்து நாள் சம்பளத்தோட லீவு. வர்றதுக்குள்ள உனக்கு ஒத்தாசைக்கு ஆள் போடறேன்."

அதோடு விடவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், கம்பெனிக்காகத் தூக்கத்தைத் தொலைத்த பெண் என்று பேசியிருக்கிறார். கைதட்டினார்களாம். மெத்தோதி மட்டும் தட்டவில்லை என்றும், தொப்பியை முகத்தில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டாள்.

பத்து நாள் லீவு. வேலை இல்லை, பேருந்து இல்லை, வேண்டிய மட்டும் தூக்கம். இத்தனை வருடம் ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஜெயித்தவள், ஒன்பது மணி நேரம் தூங்கினால் எப்படி ஜெயிப்பாள் என்று அவளுக்கே ஆவல். குற்ற உணர்ச்சியை அந்த ஆவல் இரண்டே நாளில் தின்றுவிட்டது. காலையில் உட்கார்ந்தால் மாலைவரை ஆடினாள்.

தோற்றாள். முதல் நாள் தோற்றாள், இரண்டாம் நாள் தோற்றாள், ஐந்தாம் நாள் துணி துவைக்கும் இயந்திரமும் போய்விட்டது. ஏழரைக்கு ஆட்டத்தை விட்டு எழுந்தாக வேண்டும் என்றிருந்தபோது கவிழ்த்துப் போட்ட குப்பைச் சீட்டுகளை எல்லாம் இப்போது ஆடிப் பார்த்தாள்; நேரம்தான் கொட்டிக் கிடந்ததே. தோற்றதை மீட்க இன்னொரு மேசை, அதை மீட்க இன்னொன்று.

தாமியன் பள்ளியிலிருந்து வந்து கதவருகே நின்று பார்த்தான்.

"இன்னைக்கு யாரு அழுதா?"

அவள் அடுத்த மேசையைத் திறந்தாள். அவன் பக்கத்தில் வந்து லேப்டாப்பை மெதுவாக மூடினான். அவள் தடுக்கவில்லை. "சீக்கிரம் வேலைக்குப் போ நெவேனா," என்றான். "நீ லீவுல இருந்தா நமக்குக் கட்டுப்படியாகாது."

மீதி நாட்களில் அவள் தக்காளியும் மிளகாயும் வாங்கிவந்து குளிர்காலத்துக்கு வதக்கி வைத்தாள். கொப்பரை கிண்டும்போதெல்லாம் ஸ்மரந்தாவின் குரல் காதில் விழுந்தது. அதிலேதான் முடிவுக்கு வந்தாள்: முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது.

லீவு முடிந்த முதல் நாளே போய்ச் சொன்னாள். நாலே முக்கால் மணி, பிரேசில், டிராயர், இரண்டு ராணி, ஒன்றுவிடாமல். பொயாஜியேவ் முதலில் புருவத்தைத் தூக்கினார். பாதியில் உதட்டைக் கடித்தார். முடிவில் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"போக்கர்! நீ! அடேயப்பா. ஏம்மா, நான் சங்கடப்படக் கூடாதுன்னு இப்படி எல்லாம் கதை கட்டுவியா?"

"நிஜமாத்தான் சார்."

"அட, விடும்மா. உன் மூஞ்சில ஒரு பொய்யாவது நிக்குமா? இப்பக்கூடப் பாரு, செவந்து போயிருக்கு. போய் வேலையப் பாரு."

ஒத்தாசைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா, வெலிச்கோவ். ஒவ்வொரு முகவரியையும் மூன்று தடவை உரக்கப் படிப்பார். அதனால் லாரிகள் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பின. நெவேனா இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனாள்.

மெத்தோதி அடுத்த வாரம் காகிதம் வாங்க வந்தபோது கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வெலிச்கோவுக்குக் கேட்காமல் சொன்னார்.

"டிராயர்ல சீட்டைப் பாத்தேன், தங்கச்சி."

"தெரியும் அண்ணே. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு."

"நான்கூடச் சொன்னேன். என்னையும் நம்பல." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னமும் ஆடறியா?"

"சனி, ஞாயிறு மட்டும். பத்து மணிக்கு ஆட்டத்தை விட்டு எழுந்துடுவேன்."

"ஜெயிக்கிறியா?"

"முன்ன மாதிரி."

மெத்தோதி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஊர் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குப் போனார்.