அலுமினியப் பிடி போட்ட கத்தி

அலுமினியப் பிடி போட்ட சவரக்கத்தியை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் செய்தவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பெயர் போட்ட பட்டறை ஓடுகிறதென்றால் அந்தக் கத்திதான் அதற்குப் பிள்ளையார் சுழி. ஆனாலும் அதைக் கையில் எடுத்தால் பெருமைக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. கத்தி மேல் இல்லை, எங்கள் நைனா மேல்.

அப்போது திருவேற்காட்டில் இருந்தோம். நைனாவுக்கு ஆவடியில் பாக்டரி வேலை. சாமி, சகுனம், ராகுகாலம் எதையும் நம்பாத மனுஷர். நம்பாவிட்டால் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார். எங்காவது கிளம்புவதென்றால் ராகுகாலம் எப்போது என்று விசாரித்து அதில்தான் கிளம்புவார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி முழுகாமல் இருந்தாள். வழக்கப்படி அவரும் பிள்ளை பிறக்கும்வரை முகத்தில் கத்தி வைக்காமல் தாடி விட்டிருந்தார். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நைனா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள வளர்றது அவ வயித்துல. உன் மூஞ்சில இன்னாத்துக்குப்பா பயிர் வுட்டுக்கினுகீற?"

பாவம், அவர் அந்தக் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார்.

நைனா முகம் எப்போதும் மழமழவென்று இருக்கும். தினம் காலையில் தன் கையாலேயே சவரம். பழைய சாமான் கடையில் வாங்கிய சீமைக் கத்தி, மடக்கு கத்தி. மடக்கினால் அலகு உள்ளே போய் உட்கார, இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பில் தகடு. அந்தத் தகடுகள்தான் பிடி. ஒரு நாள் அதில் ஒன்று நீளவாக்கில் பிளந்துவிட்டது. அன்றோடு சவரம் நின்றது. முடிவெட்டுகிற கடைக்குப் போகச் சொன்னால், தன் முகத்தை அடுத்தவன் கையில் கொடுப்பதில்லை என்றார். என் மாமா, அம்மாவின் தம்பி, புதிதாக பிளேடு செட்டு வாங்கிவந்து கொடுத்தார். அது தோலுக்கு எரிகிறதாம்.

மாமாவுக்கு அவசரம் இருந்தது. கொஞ்ச நாளில் பூந்தமல்லி மண்டபத்தில் அவருக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. மாப்பிள்ளை வீட்டில் பெரிய மனிதராக முன்னால் நிற்க அக்கா புருஷனை விட்டால் ஆள் இல்லை. அவர் பரதேசிக் கோலத்தில் நின்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? எனக்கும் மானம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைச் சாமியார் மவன் என்றார்கள். சாமியே இல்லை என்கிறவர் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர்.

கத்தியை நானே சரிசெய்வது என்று இறங்கினேன். முதலில் சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் வைத்து ஒட்டினேன். தண்ணீர் பட்டதும் கழன்றது. மாமா, தான் வேலை செய்த லேத் பட்டறையிலிருந்து பேக்லைட் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு கொண்டுவந்தார். அறுத்து, அரம் போட்டு, சைக்கிள் ஸ்போக்கை ஆணியாக இறக்கித் தலையைத் தட்டினேன். தட்டு அதிகமாகிவிட்டது. நைனா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொறக்கலயேடா" என்றார். குரலில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

ஆணியைத் தளர்த்தினேன். இப்போது அலகு ஆடியது. மடக்கும்போது தகட்டில் இடித்து முனை மழுங்கப் பார்த்தது. வால் பக்கம் இரண்டு தகட்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு துண்டு வைத்தால்தான் இடைவெளி நிற்கும் என்பதை யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு ஒற்றை விரலுக்குத் திறந்தது, நிறுத்திய இடத்தில் நின்றது. மறுநாள் பார்த்தால் துவைக்கிற கல்லடியில் பிடி இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நைனாவுக்குக் கை தவறிவிட்டதாம்.

அம்மாவிடம் போய் அழுதேன். போனால் போகிறது விடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் அப்போது ஒரு தினுசாகத்தான் இருந்தாள். குழாயடிக்கே போவதில்லை. நைனாதான் தாடியும் குடமுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார், தெருவே சிரித்தது.

எனக்கு வீம்பு ஏறியது. பாறையில் போட்டாலும் உடையாத பிடி செய்கிறேன் பார் என்று அலுமினியத்தில் அறுத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. விடிந்ததும் மாமா நலங்கு மஞ்சள் காயாத முகத்தோடு சோப்புக் கிண்ணத்தை நைனா முன்னால் வைத்தார். நைனா சோப்புப் போட்டுக்கொண்டார். கத்தியைத் திறந்தார். கன்னத்தருகே கொண்டுபோனவர் கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியில் அவருக்குப் பின்னால் வாசற்படியில் அம்மா தெரிந்தாள்.

கத்தியை மடக்கினார். "பிடி கனமா கீதுடா. கைக்குப் பழகல."

"கனமா கீதா?" மாமாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு கையிலயும் ரெண்டு கொடம் தூக்கிக்கினு வர்ற. இது உனக்குக் கனமா கீதா மாமா?"

நைனா முகத்தைக் கழுவிக்கொண்டார். கல்யாணப் படத்தில் இன்றும் தாடியோடுதான் நிற்கிறார். மாமா அவரோடு வெகுநாள் பேசவில்லை.

மழைக்காலத்தில் தங்கை பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய் என் கத்தியை எடுத்தார். அந்தக் கனமான பிடியைப் பிடித்து, ஒரு கீறல் விழாமல், முழுத் தாடியையும் வழித்துப் போட்டார்.

தங்கைக்கு முன்னால் இரண்டு முறை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். அந்த இரண்டு முறையும் நைனா தினம் தவறாமல் சவரம் செய்துகொண்டுதான் இருந்தார். மூன்றாவது முறை பயந்துவிட்டார். பயந்ததை டீக்கடைக்குத் தெரியாமல் மறைக்க என்னை அரமும் சுத்தியலுமாக அலையவிட்டார். பிளந்த கொம்புத் தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எதையோ கொடுத்து நெம்பிய தடம் தெரிகிறது. வேலை தெரிந்த கண்ணுக்கு மட்டும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷர்?

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தொட்டிலைக்கூட எட்டிப்பார்க்காமல் தெருவுக்கு ஓடினேன். என் பிடி கடைசியில் நைனா கைக்குப் பழகிவிட்டது என்று ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.