மாற்றல் மனுவும் ஒரு பெண்டிரைவும்

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்காவின் லேப்டாப் செத்துப்போனது. பொத்தானை அமுக்கினால் நீலத் திரை வரும், ஒரு வட்டம் சுற்றும், அவ்வளவுதான்.

நாள் பார்த்துச் செத்தது. அக்கா எங்கள் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, என்னோடுதான் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம், மாதத்துக்கு இரண்டு தடவைதான் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ஈப்போவுக்கு மாற்றல் கேட்டு மனு அனுப்ப அன்று மாலை ஐந்து மணி கடைசி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் ஸ்கேன் அந்த லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டது. அசல் கடிதம் பள்ளிக்கூட பீரோவில். பீரோ சாவி தலைமையாசிரியரிடம். அவர் விடுமுறைக்கு லங்காவித் தீவுக்குப் போய்விட்டார்.

"தானா ராத்தா டவுன் கடையில ரிப்பேருக்குக் குடுத்தா மூணு நாள் ஆகுமாம்டி."

"மூணு நாள் கழிச்சு எதுக்கு? திதி குடுக்கவா?"

நான் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்தால் எஸ்டேட் துரை என்னைத்தான் கூப்பிடுவார், அதனால் ஒரு வித்தை தெரியும். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸை ஒரு பெண்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பலாம். விண்டோஸ் செத்திருந்தாலும் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். லினக்ஸ் முழுசும் ஒரே பெரிய கோப்பாக வரும், அதற்கு இமேஜ் என்று பெயர். அதைச் சும்மா இழுத்துப் பெண்டிரைவில் போட்டால் கிளம்பாது. ஒரு தடவை அப்படிப் போட்டுவிட்டு அரை நாள் கத்தியிருக்கிறேன். இமேஜை எழுதுவதற்கென்றே ஒரு சின்ன மென்பொருள் உண்டு. கோப்பைக் காட்டு, பெண்டிரைவைக் காட்டு, பொத்தானை அமுக்கு. மூன்றே வேலை. மனுஷர்களும் இப்படி இருந்தால் எனக்குக் கோபமே வராது.

என் லேப்டாப்பில் வைத்து எழுதினேன். 'இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்' என்று மென்பொருள் எச்சரித்தது. காரில் கேட்கிற பாட்டுகள்தானே, அழியட்டும். எழுதி முடித்து, சரிபார்த்து, பச்சையும் காட்டியது.

அக்காவின் லேப்டாப்பில் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள். ஒன்று எப்போதோ உடைந்துவிட்டது. மிச்சமிருந்ததில் இறுக்கிச் சொருகிக் கிளப்பினேன். அதே நீலத் திரை.

திரும்ப எழுதினேன். அதே திரை. மூன்றாம் தடவையும் எழுதினேன். மணி நாலு. மென்பொருளைத் திட்டினேன், அதை எழுதினவனைத் திட்டினேன், லங்காவியையும் விடவில்லை.

"விடுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். பெண்டிரைவின் குட்டி விளக்கு என் லேப்டாப்பில் மின்னுகிறது, இவளுடையதில் மின்னவே இல்லை.

"அழுவுறத நிப்பாட்டிட்டு டார்ச்சைக் குடு."

துளைக்குள் சந்தனம். காய்ந்து கல்லாகிப் போன சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்னக்கா இது?"

"பூஜைக்குப் பொட்டு வச்சேன்."

"மூடியில வைக்க வேண்டியதுதானே? ஓட்டையில எவளாவது வைப்பாளா?"

"மூடியில கறை படியும்னு பக்கவாட்டுல வச்சேன்லா. சந்தனம் கொஞ்சம் தண்ணியாயிருச்சு."

எஸ்டேட்டில் ஆயுத பூஜையன்று இலை உருட்டும் மெஷினிலிருந்து துரையின் ஜீப் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஜீப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆசிரியைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

லேப்டாப்பை அணைத்து, பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். சொருகியதும் விளக்கு மின்னியது. லினக்ஸ் வந்தது, கடிதமும் கிடைத்தது. எஸ்டேட் லைன் வீட்டுக்குள் இண்டர்நெட் ஏறாது என்பதால் வாசற்படியில் உட்கார்ந்து, போனிலிருந்து கனெக்ஷன் கொடுத்து, நாலு ஐம்பதுக்கு அனுப்பினோம். மனு கிடைத்துவிட்டது என்று மலாயில் ஒரு வரி வந்தது.

அக்கா உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். இரண்டு நிமிஷம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய குக்கர் என்னோடது. ஈப்போவுக்கு எடுத்துட்டுப் போவேன்."

"மாற்றலே இன்னும் கெடைக்கல."

"கெடைச்சா?"

"கெடைச்சா ரப்பர் வளையத்தையும் சேத்து எடுத்துட்டுப் போ. ஆவி ஒழுகுது."

அவள் எழுந்து போய் அப்போதே குக்கரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.