தானாகத் திறக்க வேண்டிய வால்வு

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் தொண்ணூறு கிலோமீட்டர். ரயிலில் வந்தேன். ரயில் கட்டணத்தைவிட நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் ஆட்டோ கட்டணம் அதிகம் என்பதை, இனி வருபவர்களின் வசதிக்காக முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயணப்படி கேட்டுப் படிவம் எழுதாமல் ஊர் போவது இன்னும் முறைகேடாகவே தோன்றுகிறது.

வரச் சொன்னவள் தங்கை மகள் தாரிணி. கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஏலச்செடிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதை ஆளுக்குப் பதிலாக ஒரு நிரல் தீர்மானிக்க முடியுமா என்பது கேள்வி. மலைமேல் ஒரு தோட்டத்தில் அரை ஏக்கரைச் சோதனைக்குக் கேட்டு வாங்கி, மண்ணில் ஈரம் அளக்கும் சென்சார் நட்டு, சொட்டுநீர்க் குழாயின் வால்வை ஒரு பெட்டி வழியாக அதோடு இணைத்திருக்கிறாள். மண் காய்ந்தால் வால்வு தானாகத் திறக்கும், நனைந்தால் மூடிக்கொள்ளும். கோடை முழுவதும் இது ஓடினால்தான் ஆய்வு.

"தோட்ட முதலாளி பெட்டியைக் கழட்டச் சொல்றார் மாமா. செடி வாடுதாம். நாளைக்கு நேர்ல வந்து பேசச் சொல்லியிருக்கார். கழட்டிட்டா இந்த வருஷம் போச்சு. நீங்களும் வர்றீங்களா?" என்றாள் போனில். விண்ணப்பம், முறையீடு, மேல்முறையீடு மூன்றும் எனக்கு அத்துப்படி. ஒன்றாவது உதவும் என்று கிளம்பினேன்.

மறுநாள் விடியும் வேளையில், ராசிங்காபுரத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்பு எங்களையும் போடியில் ஏற்றிக்கொண்டது. எத்தனை பேர் ஏறலாம் என்று வண்டியின் பதிவுச் சான்றில் ஓர் எண் இருக்கும். அதை இங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனக்கு முன்சீட்டில் பாதி கிடைத்தது. மற்றொரு பாதியில் கியர் கம்பி இருந்தது.

"தள்ளி உக்காருங்க சார், மூணாவது கியர் அங்கதான் விழும்" என்றார் ஓட்டுநர்.

"நாலாவது?"

"அது எறங்கும்போது பாத்துக்கலாம்."

பின்னாலிருந்து சிரிப்பு. அதிகம் சிரித்தவர் பேச்சியம்மாள், அந்தக் குழுவில் மூத்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆளுக்கொரு தூக்குச்சட்டி, ஆளுக்கொரு பெரிய பாட்டிலில் தண்ணீர். தாரிணியைத் தன் மடியில் பாதி உட்காரவைத்திருந்தார்.

"சாப்ட்டியா ஆத்தா? மொகமே சரியில்ல."

"சாப்ட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. இந்தா, இட்லி கெடக்கு."

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. வயிறு பிரட்டுகிறவர்கள் எண்ணிக்கொண்டே வரலாம். கீழே மாந்தோப்புகளும் தென்னைகளும் சுருங்கிக்கொண்டே போயின. பங்குனி மாதம், பாறைகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. மெட்டில் தேநீர் பதினைந்து ரூபாய். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. குளிர் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பூப்பாறை சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் தோட்டம். உயர்ந்த மரங்களின் நிழலில், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஏலச்செடிகள். காய் செடியின் உச்சியில் தொங்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. அடியில், தரையோடு தரையாக நீளும் சரத்தில்தான் பூவும் காயும். கோடையில் அந்தச் சரம் காய்ந்தால் அடுத்த பறிப்பு இல்லை.

தோட்ட முதலாளி குமரேசன் போடிக்காரர். வரப்பில் காத்திருந்தார்.

"வாங்கண்ணே. பாத்தீகளா எங்க நெலமைய? எலையெல்லாம் சுருண்டு கெடக்கு. பாப்பா போன்ல மட்டும் அடைமழை பேஞ்சிக்கிட்டு இருக்கு."

நியாயமான புகார். மற்ற இடங்களில் அவர் கையால் வால்வைத் திறந்து தண்ணீர் விட்ட செடிகள் நிமிர்ந்து நின்றன. தாரிணியின் அரை ஏக்கர் தலை தொங்கியிருந்தது. அவள் போனிலோ, மண்ணில் ஈரம் போதுமானது என்று வரைபடம் சொன்னது.

"வெள்ளம் இல்லாம இல்ல" என்று கீழே தார்ப்பாய் விரித்த குளத்தைக் காட்டினார். மலையாளப் பேச்சு கலந்து, தண்ணீரை இங்கே வெள்ளம் என்கிறார்கள். "கொளத்துல பாதி கெடக்கு. தொறக்கத்தான் மாட்டேங்குது இவுக மெசினு. சாயங்காலம் ஜீப்பு கெளம்புறவரைக்கும் பாப்பேன். அப்பறம் நானே தொறந்துருவேன். பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பேச்சுவார்த்தைக்கு நான் தயாரித்து வைத்திருந்த மூன்று பத்திகளும் வீணாயின. ஆள் தெளிவாகப் பேசிவிட்டார்.

தாரிணி பெட்டியைத் திறந்தாள். வெள்ளைக் கம்பத்தில் ஒரு சூரியத் தகடு, அதன் கீழே பெட்டி, பெட்டியில் ஒரு சின்ன விளக்கு. அடியில் மண்ணுக்குள் சென்சார். முதலில் இரண்டு நட்டாளாம். ஒன்றைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிட்டது. கம்பி, மின்கலம், சிக்னல் எல்லாம் சரியாக இருந்தன. மீதியிருந்த வழி வரைபடத்தைப் பார்ப்பதுதான். பார்த்தேன். நடுப்பகல் வந்தால் கோடு மேலே குதிக்கிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. மறுநாள் மீண்டும் குதிக்கிறது.

"இது என்ன?"

"வெயில்ல சென்சார் சூடாகுறதால வர்ற பிழை மாமா. அதைச் சரிபண்ண ஒரு சமன்பாடு எழுதியிருக்கேன். ஆய்வு வழிகாட்டிகூட நல்லாயிருக்குன்னார்."

சமன்பாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் விடுமுறை நாட்களைப் பற்றி, வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் குதிக்கவில்லையே. சூரியனுக்கும் வார விடுமுறையா?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். முந்தைய வாரத்துக்குப் போனாள். அதற்கும் முந்தையது. முகத்தில் இருந்த தூக்கம் கலைந்தது.

நடுப்பகலில் பெண்கள் கவாத்து வேலையை, அதாவது காய்ந்த இலையும் தட்டையும் கழிப்பதை, நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார்கள். கம்பத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அங்கேதான் தரை சமம். நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம். சாப்பிட்டு முடித்ததும் பேச்சியம்மாள் எழுந்து, பெட்டியில் எரிந்த விளக்கைப் பார்த்தார். குடிக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கம்பத்தின் அடியில் பொறுமையாகச் சுற்றி ஊற்றினார். இன்னொரு பெண் தன் பாட்டிலையும் கொடுத்தாள். சிவப்பாக இருந்த விளக்கு பச்சையானது.

"ம், பாஸாயிட்டா" என்றார் பேச்சியம்மாள்.

தாரிணி ஓடினாள். "அக்கா! என்ன பண்றீங்க?"

"ஏன் ஆத்தா? நீதானே சொன்ன, இது எனக்குப் பரீட்சை மாதிரின்னு. செகப்பு எரிஞ்சாத் தண்ணி பத்தலன்னு அர்த்தம்னும் சொன்ன. நீ இல்லாத நேரத்துல செகப்பா எரிஞ்சுக்கிட்டுக் கெடந்தா? பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

"தெனமுமா ஊத்துனீங்க?"

"சோலிக்கு வர்ற அன்னிக்கெல்லாம். எங்க குடிதண்ணியத்தான் ஊத்துறோம், தோட்டத்து வெள்ளத்த ஒரு சொட்டுத் தொடல. வேணும்னா மொதலாளியவே கேளு."

அரை ஏக்கரின் தாகத்தை அளக்க வேண்டிய சென்சார், ஆறு பெண்களின் அன்பை அளந்துகொண்டிருந்தது. குமரேசன் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அடி சண்டாளிகளா! என் செடியக் காயப்போட்டு லைட்டுக்குத் தண்ணி காட்டியிருக்கீகளே!"

"செடி ஒங்களுது, நீங்க பாக்க வேண்டியதுதானே" என்றார் பேச்சியம்மாள், கொஞ்சமும் அசராமல்.

தாரிணி சிரிக்கவில்லை. இத்தனை நாள் அளவுகளையும், கூடவே அந்தச் சமன்பாட்டையும் தூக்கி எறிய வேண்டும். சென்சாரைப் பிடுங்கினாள். பாத்தியின் நடுவில், யாரும் உட்கார முடியாத சரிவில், ஒரு செடியின் வேரருகே நட்டாள். "மண்ணுல நிலைகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும்ணே. விளக்கு உடனே சிவப்பானாலும், சராசரி ஈரம் இறங்கினாத்தான் வால்வு தொறக்கும். காய்ஞ்ச மண்ணுன்னு அதுவே கண்டுபிடிச்சுத் தொறக்கணும்."

"தொறக்கட்டும். போன இங்க கொண்டா." வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் குமரேசன். "நீ அமுக்கித் தொறந்துட்டு மெசின் தொறந்துச்சுன்னு சொல்லக்கூடாதுல்ல."

எந்தத் தணிக்கைக் குழுவும் இதைவிட நன்றாக யோசித்ததில்லை.

காத்திருந்தோம். நிழல்கள் சரிந்தன. விளக்கு சிவப்பாகவே எரிந்தது, வால்வு அசையவில்லை. கீழிருந்து ஜீப்பு ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வந்து வரிசையாக நின்றார்கள், ஒருவரும் இறங்கவில்லை.

"வெரசா வாங்க, மெட்டுல பனி எறங்கிருச்சுன்னா நான் பொறுப்பில்ல!" ஓட்டுநர் கத்தினார்.

"வர்றோம், கத்தாத!" என்று பதிலுக்குக் கத்தினார் பேச்சியம்மாள்.

குமரேசன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையால் திறக்கும் வால்வை நோக்கி நடந்தார். தாரிணி தடுக்கவில்லை. பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அவர் குனிந்த நேரத்தில் குழாய் ஒருமுறை இருமியது. காற்று சீறியது. பிறகு சரிவு முழுவதும், செடிக்குச் செடி, சொட்டத் தொடங்கியது.

குமரேசன் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "நான் தொடல."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "கோடை மழை விழுறவரைக்கும் ஓடட்டும். மறுபடி எல சுருண்டா எங்கிட்டப் பேச்சே கெடையாது."

தாரிணி கறுப்பு டேப்பைக் கிழித்து விளக்கின் மேல் ஒட்டினாள். பேச்சியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் ஆத்தா மூடுற? அப்ப நீ பாஸா பெயிலான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே வந்து சொல்றேன்க்கா."

"வாரா வாரம் வரணும். சும்மா போன்ல சொல்லக்கூடாது."

நான் வேலை பார்த்த காவிரிக் கரையில், மதகு திறக்க ஒரு தேதி, ஒரு மேடை, ஒரு மாலை உண்டு. தண்ணீர் எந்த வயலுக்கு எட்டியது என்பது பிறகு வரும் கடிதப் போக்குவரத்து. பல மதகுத் திறப்புகளில் நானும் முன்வரிசையில் நின்றிருக்கிறேன். யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததில்லை.

இறங்கும்போது ஜீப்பில் எல்லாப் பாட்டில்களும் காலி. மெட்டில் பனி இறங்கியிருந்தது. பெண்களுக்குத் தாகம். தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தாரிணியே இறங்கிப் போய், ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பிக்கொண்டு வந்தாள்.