கோதண்டத்தின் வீட்டுக்காரர்

போன வாரம் எங்கள் எதிர்வீட்டு முனிரத்தினத்துக்குக் கொரோனா. திருச்சானூரில் இப்போது யாருக்குத்தான் இல்லை என்கிறீர்களா? அதுவும் சரிதான். ஆனால் இவர் சங்கதி வேறு.

முனிரத்தினமும் கோதண்டமும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். முன்னவர் லாட்ஜில் ரூம் பாயாகச் சேர்ந்து மேனேஜராக ரிட்டயர் ஆனவர். பின்னவர் வெதுருகுப்பத்திலிருந்து பெங்களூர் கம்பெனிக்குப் போய், அங்கே மனசு ஒட்டாமல் திரும்பியவர். மனசு லாட்ஜில் கிடந்தால் பெங்களூரில் எப்படி ஒட்டும்?

தெருவுக்கு அவர்கள் பாவா, பாமர்தி. தமிழில் அக்கா புருஷன், மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

இந்தப் ‘பாவா’ வந்ததே எய்ட்ஸ் பயம் இருந்த காலத்தில்தான். இவர்களைப் போலவே இருந்த நண்பர் ஜெயபால், பம்பாய்க்குப் பிழைக்கப் போய், உடம்பு கெட்டுத் திரும்பினார். இவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யார் நீங்கள் என்று கேட்டதற்கு, ஃபிரெண்ட் என்றார்கள். சொந்தக்காரருக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. ஜெயபால் தனியாகவே போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தார்கள் – இனி நாம் ஃபிரெண்ட் இல்லை, சொந்தம்.

போன வாரம் நர்ஸம்மா வந்தார். தெலுங்குப் பெண், தமிழும் பேசுவார். வீட்டை எட்டிப் பார்த்தார். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான்.

“தனி ரூம் இல்ல. சென்டருக்கு அனுப்பணும்.”

“அனுப்பாதம்மா. அங்க யாரையும் உள்ள உட மாட்டாங்க. நானே பாத்துக்கறேன்” என்றார் கோதண்டம்.

“ஈயன மீக்கு ஏமவுதாரு?” இவர் உங்களுக்கு என்ன ஆகவேண்டும் என்கிறார்.

“பாவா.”

“அப்ப உங்க அக்காவக் கூப்புடுங்க. புருஷன பொண்டாட்டிதானே பாக்கணும்?”

போச்சு. இத்தனை வருஷமாகப் பாவா உண்டு... அக்கா? அதை யாரும் யோசிக்கவே இல்லை. கோதண்டம் திரும்பி, கஷாயச் சொம்போடு நின்ற என்னைப் பார்த்தார்.

“என்ன எதுக்குடா பாக்கற? இந்த வயசுல ரெண்டாங் கல்யாணம் எனக்கு ஆவாது” என்றேன்.

நர்ஸம்மா ஆம்புலன்ஸுக்கு போன் போட ஆரம்பித்தார். அப்போதுதான் கோதண்டம் வாயைத் திறந்தார்.

“பாவா இல்லம்மா... அவுரு எங்க ஊட்டுக்காரரு.”

“ஓனரா? ஹவுஸ் ஓனருக்கா சார் இவ்ளோ பண்றீங்க? வாடக கம்மியோ?”

பாருங்கள், உண்மையை ஒரு தடவை சொல்வதற்கே ஒரு ஆயுசு ஆயிற்று. இன்னொரு தடவை வேறு சொல்ல வேண்டுமாம்.

உள்ளே படுத்திருந்த முனிரத்தினம்தான், இருமலுக்கு நடுவே சொன்னார். “ஓனர் இல்லம்மா. பொம்பளைங்க சொல்லுவாங்களே... அந்த ஊட்டுக்காரரு.”

நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டார்.

“நீங்க சமையக்கட்டுல படுத்துக்குங்க. ஜன்னல் எல்லாம் தெறந்து வைங்க. ரெண்டு பேரும் மாஸ்க் போடணும். ஒரே தட்டுல துன்னக் கூடாது.”

“துன்ன மாட்டம்மா” என்றார் கோதண்டம், ஸ்கூல் பிள்ளை மாதிரி.

இப்போது ஜுரம் இறங்கிவிட்டது. ஆனாலும் நர்ஸம்மா தினமும் போன் செய்து, “உங்க ஊட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?” என்று விசாரிக்கிறார்.

ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்ம கோதண்டமோ, அவர் இட்லி தின்றது, சட்னி பிடிக்காமல் முகம் சுளித்தது, குறட்டை விட்டது எல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார்... வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ, பாவம்!