அசையாதக்காவின் கோணல் சிரிப்பு

தன் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்களை அவள் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. "தோளை இறக்குங்க. காது தெரியணும். சிரிக்காதீங்க. அசையாதீங்க!" கல்யாணப் பெண் வந்தாலும் இன்ஸ்பெக்டர் வந்தாலும் அதே அதட்டல்தான். தெருப் பிள்ளைகள் அவளுக்கு அசையாதக்கா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு தோழிகள். ஒருத்தி கணக்கு டீச்சர், இன்னொருத்தி டெய்லர். மூவரும் சேர்ந்து போகாத விசேஷம் இல்லை. ஆனால் மூவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. கேமரா எப்போதும் அவள் கையில்; வேறு யாரிடமாவது கொடுத்தால் படத்தில் தலையை வெட்டிவிடுவார்களாம்! அதனால் மூவரும் வெளிநாடு சுற்றிப் பார்க்க டிக்கெட் போடும்போதே டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை நீயும் எங்களோட நிக்கற. வழியில போற யாராவது எடுக்கட்டும். தலை போனாலும் பரவாயில்ல." அவளும் சரி என்றாள். சொல்லப்போனால் ஆசையாகத்தான் சரி என்றாள்.

போய் இறங்கிய மறுநாள் காலை, ஓட்டல் அறையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடைவாய் வழியாக ஒழுகியது. டம்ளரில் ஓட்டை என்று நினைத்து அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தில் இடது பாதி தொங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணும் மூட மறுத்தது.

"அடியே!" என்ற அலறலைக் கேட்டு டெய்லர் பாதிப் பின்னலோடு ஓடிவந்தாள். டீச்சர் ஒரு பார்வைதான் பார்த்தாள். பக்கவாதமோ என்று பயந்தாள். உடனே கீழே இறங்கி டாக்சி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார், நடக்கவிட்டார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். நெற்றியிலும் பாதிதான் சுருங்கியது. கடைசியில் ஆங்கிலத்தில் விளக்கினார். டீச்சர் கேட்டுக்கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"பக்கவாதம் இல்லையாம்டி. முகத்து நரம்புல வீக்கமாம். மாத்திரை விடாம சாப்பிடணும், கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கறப்போ இமையை ஒட்டி வைக்கணும். முக்கால்வாசிப் பேருக்குக் கொஞ்ச மாசத்துல சரியாயிடுமாம்."

"மிச்சம் கால்வாசி?"

"கணக்கை நான் பாத்துக்கறேன். நீ மாத்திரையை முழுங்கு."

"ஊரையே அசையாதே அசையாதேன்னு அதட்டினேன். கடைசியில என் மூஞ்சிதான்டி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் வலது காதை நோக்கி ஓடியது. அதைப் பார்த்து டெய்லரும் சிரித்துவிட, இவள் ஓவென்று அழுதாள். பாவம், டெய்லருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

அன்றைக்கே ஒரு மாஸ்க்கை வாங்கி மாட்டிக்கொண்டாள். "இந்த மூஞ்சியோட படமா? செத்தாலும் மாட்டேன்!" அறையிலேயே கிடக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், தோழிகள் விடவில்லை. டீச்சர் அலாரம் வைத்துச் சொட்டு மருந்து விட்டாள். சூப் குடித்தால் சட்டையில் வழிகிறது என்று டெய்லர் ஒரு கைக்குட்டையில் கழுத்துத்துணி தைத்தாள், ஓரத்தில் லேஸ் வைத்து! பச்சைக் குழந்தை கெட்டது போங்கள்.

படமும் எடுத்தாள், பழையபடி கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. ஆனால் பாலமானாலும் பூங்காவானாலும் தோழிகள் இருவரும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே நின்றார்கள்.

"நெருங்கி நில்லுங்கடி."

"முடியாது. அது உன் இடம்" என்றாள் டெய்லர்.

அவள் பட்டனை அழுத்தினாள். அந்தக் காலி இடம் அவள் மனசைப் போட்டு அறுத்தது. அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடவில்லை.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் வசமாக மாட்டிக்கொண்டாள். அங்கே மாஸ்க்கைக் கழற்றியே ஆகவேண்டும். அவள் கழற்றினாள். முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிற மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடியும் நின்றாள், மறுபடியும் சிவப்பு. கூண்டுக்குள் இருந்த அதிகாரி அசையாமல் நிற்கும்படி சைகை செய்தார். பின்னால் வரிசை நீண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

முன்னாலேயே சோதனை முடிந்து கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற டெய்லர் திடீரென்று அவளுடைய குரலிலேயே அதட்டினாள். "தோளை இறக்குங்க! காது தெரியணும்! சிரிக்காதீங்க! அசையாதீங்க!"

அசையாதக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். பாதி முகம் சிரித்தது, பாதி முகம் சும்மா இருந்தது. அதிகாரி அவளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். டீச்சர் ஓடிவந்து நரம்பு, மாத்திரை என்று விளக்கினாள். அவர் கைரேகை வாங்கி முத்திரை குத்தினார். குத்தும்போது ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாரு?"

"போட்டோவுல இருக்கறவங்களைவிட நேர்ல இருக்கறவங்க எவ்வளவோ நல்லா இருக்காங்களாம்" என்றாள் டீச்சர்.

வந்ததே கோபம்! "என்னது? அந்த போட்டோவை எடுத்தது நான்தான்டி! லைட்டைப் பாரு, ஃபோகஸைப் பாரு! இதைப் போய்க் குறை சொல்றானா?" மாஸ்க் போன இடம் தெரியவில்லை. சூட்கேஸ் தள்ளிக்கொண்டு போன ஒருவரை மறித்துக் கேமராவை நீட்டினாள். "ஒரு படம் எடுங்க. நல்லா எப்படி இருக்கேன்னு நானும் பாக்கறேன்." பாஷை புரியாவிட்டாலும் அவருக்கு விஷயம் புரிந்தது. தோழிகள் இருவரும் விலகி நின்று வழக்கமான இடத்தை விட்டார்கள். அவள் நடுவில் போய் நின்றாள்.

ஊருக்கு வந்தபின் மாத்திரையும் பயிற்சியுமாக முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சிரிக்கிறது. ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் மட்டும் அந்தக் கோணல் சிரிப்புப் படம் தொங்குகிறது. சொன்னதுபோலவே டெய்லரின் தலையில் பாதியைக் காணோம்.

ஒருநாள் மூவரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபோது டெய்லர் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏன்டி டீச்சர், அந்த ஆபீசர் நெஜமாவே அப்படித்தான் சொன்னாரா?"

டீச்சர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுத்த ஆளை வரச் சொன்னாரு" என்றாள்.

"அடிப்பாவி!" என்று டெய்லர் வாயைப் பிளந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்போ அதைக் கழட்டிடு. முகம்தான் சரியாயிடுச்சே, புதுசா ஒண்ணு எடுத்து மாட்டலாம்."

அசையாதக்கா படத்துக்கு முன்னால் போய் நின்று ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"புதுசா எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம். இது இங்கயே இருக்கட்டும். இந்த மூஞ்சி பக்கத்துலயும் நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பல்லைக் காட்டிட்டு நின்னிருக்கீங்க, பாருங்கடி."